பொய்க்கால்... நிஜக் குதிரை!

அம்பகரத்தூர் தெரியுமா உங்களுக்கு? தெரியலைன்னா தப்பே இல்லை. ஆனா, திருநள்ளாறு கட்டாயம் தெரிஞ்சிருக்கும். ஒரு அரியர் விழுந்தாலே அம்மா கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து எள் தீபம் போட வெச்சிருப்பாங்களே... அதே ஊர்தான்! அங்கேருந்து பேரளம் போற ரோட்டைப் பிடிச்சா எங்க ஊர் வந்துடும். சுத்திலும் தமிழ்நாடு, நடுவுல காரைக்கால், அதுக்குள்ள ஒரு ஓரமா நாங்க. ஊருக்கு அடையாளம், பத்ரகாளியம்மன் கோயில்.

திருவிழா ராத்திரி ஒண்ணுல ஆரம்பிக்குது இந்தக் கதை. நையாண்டி மேளம் காதைக் கிழிக்குது. நடுவுல பொய்க்கால் குதிரை ஆட்டம். ராஜாவுக்கு ஒரு குதிரை, ராணிக்கு ஒரு குதிரை. இடுப்பைச் சுத்தி மூங்கிலும் துணியும் காகிதமுமா செஞ்ச குதிரைக் கூடு. கீழே, பாதத்துக்கு அடியில ஒரு அடி உயரத்துக்கு மரக்கட்டை. அந்தக் கட்டைமேல நின்னு, தாளத்துக்குக் குதிச்சு, சுழன்று, பின்னால சாய்ஞ்சு... சான்ஸே இல்லை. உங்க காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல ஹிப்ஹாப் ஆடுற பசங்களை இதுல ஒரு அஞ்சு நிமிஷம் ஏத்தி விட்டுப் பாருங்க, தெரியும்!

எனக்குப் பக்கத்துச் சேர்ல எங்க அத்தான். அத்தை மகன். என்னைவிட மூணு வயசு மூத்தவர். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி பைக்ல போகும்போது லாரி இடிச்சு, இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிடுச்சு. அப்புறம் செயற்கைக் கால். முதல்ல போட்ட கால் சரியாவே உட்காரலை. புண்ணு மேல புண்ணு. மூணு மாசம் அதைக் கட்டிலுக்கு அடியில தள்ளி வெச்சிருந்தார். எங்க அத்தை தினமும் பெருக்கும்போது அதை எடுத்துத் துடைச்சு மறுபடியும் உள்ளேயே வெச்சுடுவாங்க. அதைப் பார்க்க எனக்கு என்னவோ பண்ணும். ரெண்டாவது கால் பரவாயில்லை. நடக்கிறார். ஆனா, தாங்கித் தாங்கி.

ஆட்டம் முடிஞ்சு, ராஜா வேஷக்காரர் பந்தலுக்குப் பின்னால உட்கார்ந்து கட்டையை அவிழ்த்தார். அதே நேரம் எங்க அத்தானும் பேன்ட்டைத் தூக்கிக் காலைக் கழற்றித் துடைச்சுக்கிட்டு இருந்தார். சாக்கெட்டுக்குள்ள வியர்வை கசகசன்னு நிக்கும், அதான். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாங்க. ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடுச்சு.

"டேய், அவருக்கும் பொய்க்கால், எனக்கும் பொய்க்கால். அவருக்கு மட்டும் குதிரை இருக்கே... எனக்கு எங்கடா?"

காமெடியாத்தான் சொன்னார். ஆனா மறுநாள் காலையில டீக்கடையில அதையே திரும்பக் கேட்டார். இந்தத் தடவை சிரிக்கலை.

"நிஜக் குதிரையில ஏற முடியுமாடா? மெக்கானிக்கல் படிக்கிறியே, சொல்லேன்."

மூணாவது வருஷ மெக்கானிக்கல் மாணவன்கிட்ட யாருமே எதுவுமே சீரியஸா கேட்டதில்லை பாஸ். வீட்டுல மிக்ஸி ரிப்பேர்னாகூட எலெக்ட்ரீஷியனைத்தான் கூப்பிடுவாங்க. அதனால விடக் கூடாதுன்னு இறங்கிட்டேன். தேடித் தேடிப் படிச்சதும், அத்தானோட சேர்ந்து பட்டதும்தான் இந்தக் கட்டுரை.

குதிரைக்கு ஆக்ஸிலேட்டர் எங்கே?

நம்மில் பல பேர் குதிரை சவாரின்னா கடிவாளம்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். சினிமா பார்த்துக் கெட்டுப்போனவங்க நாம! உண்மையில குதிரையோட பேசுறது பாதிக்கு மேல காலாலயும் இடுப்பாலயும்தான். கெண்டைக்காலால விலாவை லேசா அழுத்தினா 'முன்னால போ'. இடது காலால மட்டும் அழுத்தினா 'வலது பக்கம் ஒதுங்கு'. உடம்பை நிமிர்த்தி இடுப்பை அமர்த்தினா 'மெதுவா'. கடிவாளம் மிச்சத்துக்கு.

இப்போ யோசிங்க. அத்தானுக்கு இடது பக்கம் அந்தக் கெண்டைக்காலே இல்லை. இருக்கிறது ஒரு பிளாஸ்டிக் கூடு, அதுக்குக் கீழே ஒரு ரப்பர் பாதம். அதால அழுத்தலாம், ஆனா எவ்வளவு அழுத்துறோம்னு தெரியாது. பிரேக் பெடல்ல கால் இருக்கா இல்லையான்னே தெரியாம கார் ஓட்டுற மாதிரி.

அடுத்தது அங்கவடி. சேணத்திலிருந்து தொங்குற இரும்பு வளையம், அதுலதான் பாதத்தை வைக்கணும். அங்கே 'குதிகாலை இறக்கு'ங்கிறதுதான் குதிரைப் பயிற்சியில முதல் பாடம். குதிகால் கீழே இறங்கணும்னா கணுக்கால் மேல்நோக்கி மடங்கணும். நிறைய செயற்கைப் பாதங்கள்ல கணுக்கால்னு ஒண்ணு அசையவே அசையாது. சமதளத்துல, ஷூ போட்டு நடக்கிறதுக்காக டிசைன் பண்ணினது அது. அப்போ பாதம் வளையத்துக்குள்ள நிக்காம வழுக்கும். வழுக்கினது தெரியவும் தெரியாது, அங்கே நரம்பு இல்லையே!

இதுலதான் நிஜமான ஆபத்து இருக்கு. விழுறதைவிட, விழுந்த பிறகு கால் அங்கவடியில மாட்டிக்கிட்டு இழுபடுறதுதான் குதிரைக்காரங்க எல்லாரும் பயப்படுற விஷயம். குதிரையேற்ற பூட்ஸ்ல குதிகால் கட்டை ஏன் இருக்குன்னு தெரியுமா? ஸ்டைலுக்கு இல்லீங்க. பாதம் வளையத்தைத் தாண்டி முன்னால போயிடாம தடுக்கத்தான். இந்த ஒரு வரியை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னால வேலை இருக்கு.

இன்னொரு சிக்கலும் உண்டு. காலை வளையத்துல வைக்காம சும்மா தொங்கவிட்டா, செயற்கைக் காலோட எடை கீழே இழுக்கும். நடக்கும்போது உடம்பு எடை மேலேருந்து அதை அமுக்கி உட்கார வைக்குது. குதிரை மேல எல்லாம் தலைகீழ். அமுக்க எதுவும் இல்லை, இழுப்பு மட்டும்தான். கால் உறையோட கழன்று விழுந்தா? குதிரை மிரளுமோ இல்லையோ, பின்னால வர்றவங்க கட்டாயம் மிரளுவாங்க! இதோட சாக்கெட்டோட மேல் விளிம்பு சேணத்துல உரசி முழங்கால் உட்புறம் புண்ணாகுறது தனி.

முழங்காலுக்கு மேலே போயிருந்தா கதை இன்னும் கஷ்டம். செயற்கை முழங்கால் தன் இஷ்டத்துக்கு ஆடும். அதனால சிலர் செயற்கைக் காலே வேண்டாம்னு கழற்றி வெச்சுட்டுத்தான் ஏறுறாங்க. அப்போ எடை ஒரு பக்கமா சாயும், அதை இடுப்பால சரி பண்ணணும்.

'அப்போ முடியாதுன்னு சொல்லு'ன்னு அத்தான் எழுந்துட்டார். 'இருங்க அத்தான், இது சிக்கல் லிஸ்ட்தான். தீர்வு அடுத்த பக்கத்துல'ன்னு உட்கார வெச்சேன்.

டயர் கடையில பிறந்த பாதம்

ஜெய்ப்பூர் கால் கேள்விப்பட்டிருப்பீங்க. 1960-களின் கடைசியில ஜெய்ப்பூர் எஸ்.எம்.எஸ். மருத்துவமனையில டாக்டர் பி.கே.சேத்தியும், ராம்சந்திர சர்மாங்கிற கைவினைக் கலைஞரும் சேர்ந்து உருவாக்கினது. அதுக்கு முன்னாடி கிடைச்ச பாதங்கள் எல்லாம் வெளிநாட்டு டிசைன். ஷூ போடணும், நாற்காலியில உட்காரணும். நம்ம ஆளுங்களுக்குச் சம்மணம் போடணும், குத்தவெச்சு உட்காரணும், வெறுங்காலோட கோயிலுக்குள்ள போகணும், சேத்துல இறங்கணும்! லாரி டயருக்கு ரப்பர் ஒட்டி வேகவைக்கிற கடையைப் பார்த்துத்தான் சர்மாவுக்கு ரப்பர் பாதம் செய்யுற யோசனை வந்ததுன்னு சொல்வாங்க. சேத்திக்கு 1981-ல் மகசேசே விருது கிடைச்சது. 1975-ல் டி.ஆர்.மேத்தா ஆரம்பிச்ச அமைப்பு, இந்தக் காலை லட்சக்கணக்கான பேருக்கு இலவசமாவே கொடுத்திருக்கு.

நம்ம தமிழ்நாட்டுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1981-ல் திருச்சி பக்கம் நடந்த ஒரு பஸ் விபத்துக்குப் பிறகுதான் நடிகை சுதா சந்திரனோட வலது கால் போச்சு. அவங்க 1984-ல் மறுபடி மேடையேறி பரதம் ஆடினது ஜெய்ப்பூர் காலோட. அவங்க கதையே 'மயூரி' படமா வந்து, அவங்களே நடிச்சாங்க. உங்க அம்மா அப்பாவைக் கேளுங்க, சொல்வாங்க.

சரி, குதிரைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? மெக்கானிக்கல் மூளை இங்கேதான் வேலை செஞ்சுது (ஏதோ ஒரு நாளைக்கு செய்யட்டுமே!). குத்தவெச்சு உட்காரணும்னா கணுக்கால் மேல்நோக்கி மடங்கியே ஆகணும். ஜெய்ப்பூர் பாதம் அதுக்காகவே வளையுற மாதிரி செஞ்சது. குதிகாலை இறக்குறதுக்கும் அதே அசைவுதானே வேணும்! வயல் வரப்புக்காக யோசிச்ச ஒரு பாதம், அங்கவடிக்கும் கொஞ்சம் ஒத்துப்போகுது. அத்தான் தன் பாதத்தைச் சுவத்துல வெச்சு அழுத்திப் பார்த்தார். வளைஞ்சுது. ரொம்ப இல்லை, ஆனா வளைஞ்சுது. அன்னிக்கு அவர் முகத்தைப் பார்க்கணுமே.

நமக்கு முன்னாலயே ஏறியவங்க

வேதத்துலயே இருக்குன்னு யாராவது ஆரம்பிச்சா எனக்குக் கொஞ்சம் அலர்ஜி. ஆனா இது நிஜமாவே ரிக் வேதத்துல இருக்கு. விஷ்பலாங்கிற பெண்ணோட கால் துண்டாக, அசுவினி தேவர்கள் அவளுக்கு உலோகக் கால் பொருத்தினாங்கன்னு முதல் மண்டலத்துல வருது. இதுல சுவாரஸ்யம் என்னன்னா, விஷ்பலா பெண்ணே இல்லை, அது ஒரு பந்தயக் குதிரைன்னு சில அறிஞர்கள் வாதாடுறாங்க! அசுவினிங்கிற பேரே குதிரையிலிருந்து வந்ததுதானே. ஆக, செயற்கைக் காலும் குதிரையும் சேர்ந்தே ஆரம்பிச்ச சமாச்சாரம்.

எங்க கடற்கரைக்கு வாங்க. காரைக்காலுக்கு வடக்கே கரையோரமாப் போனா பூம்புகார். அந்தத் துறைமுகத்துல கடல் வழியா வந்து இறங்கின சரக்குகளைச் சொல்லும்போது பட்டினப்பாலை குதிரையைத்தான் முதல்ல சொல்லுது. அந்தப் பாட்டு யார் மேல? கரிகாலன் மேல. நெருப்புல கால் கருகினவன்கிறதால வந்த பேருன்னு சொல்வாங்க. கால்ல குறை இருந்த ராஜாவைப் பாடின பாட்டுல கப்பல் கப்பலா குதிரை! இன்னும் ஒண்ணு... சிலப்பதிகாரத்துல மாதவி ஆடுற பதினோரு ஆடல்ல ஒண்ணு மரக்கால் ஆடல். அசுரர்கள் பாம்பும் தேளுமா வந்தப்போ, கொற்றவை மரக்கால் கட்டிக்கிட்டு மிதிச்சு ஆடின ஆட்டம். எங்க ஊர்க் காளியும் அசுரனை அழிச்சவதான். அவ சன்னதி முன்னால கட்டை கட்டிக்கிட்டு ஆடுற ஆட்டத்தை அத்தான் பார்த்தது சும்மா தற்செயலா இருக்கலாம். ஆனா எங்க அத்தைகிட்ட அதைச் சொல்லிட முடியாது.

வரலாற்றுல ஜெயிச்சவரா பார்த்தா, லார்டு அக்ஸ்பிரிட்ஜ். 1815 வாட்டர்லூ போர்ல ஆங்கிலேயக் குதிரைப்படைக்குத் தலைவர். போர் முடியுற நேரத்துல வலது கால் போச்சு. லண்டன் செல்சியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் பாட்ஸ் செஞ்ச மரக்கால் அவருக்கு வந்தது. முழங்கால் மடங்கினா உள்ளே ஓடுற நரம்புக் கயிறு பாதத்தைத் தானா தூக்கிவிடும். 200 வருஷத்துக்கு முன்னாடி இப்படி ஒரு மெக்கானிசம்! அதுக்கப்புறமும் மனுஷன் குதிரையை விடலை. 1854-ல் சாகும்போது வயசு 85.

அமெரிக்க உள்நாட்டுப் போர்ல ஜான் பெல் ஹுட்னு ஒரு தளபதி. ஒரு கை செயலிழந்து, 1863-ல் ஒரு காலும் போய், அப்புறமும் தன்னைச் சேணத்தோட வாரால கட்டச் சொல்லிக் குதிரை ஓட்டினார். அடிமை முறையைக் காப்பாத்தச் சண்டை போட்ட பக்கத்து ஆளு, அதனால நம்ம ஹீரோ லிஸ்ட்ல வேண்டாம். நான் அவரை இழுத்ததுக்குக் காரணம் அந்த வார். இன்னிக்கு அது சுத்தத் தப்பு. ஏன்னு சொல்றேன்.

கட்டு, ஆனா கட்டாதே!

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சவங்க டென்மார்க்கோட லிஸ் ஹார்டெல். 1944-ல், கர்ப்பமா இருந்தப்போ போலியோ தாக்கி, முழங்காலுக்குக் கீழே ரெண்டு காலும் செயலிழந்துடுச்சு. அவங்க விளையாட்டு டிரெஸ்ஸாஜ், அதாவது குதிரையோட பரதநாட்டியம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ் வரைக்கும் அதுல ராணுவ ஆபீஸர்களுக்கு மட்டும்தான் இடம். பெண்களுக்கும் மத்தவங்களுக்கும் முதல்முறையா கதவு திறந்த அந்த வருஷமே லிஸ் போனாங்க. குதிரை மேல ஏத்திவிடவும் இறக்கிவிடவும் ஆள் வேணும். வெள்ளிப் பதக்கம்! பாராலிம்பிக்ஸ் இல்லீங்க, ஒலிம்பிக்ஸ். ஆண்களோட மோதி. 1956-லயும் இன்னொரு வெள்ளி.

பாராலிம்பிக்ஸ்ல டிரெஸ்ஸாஜ் 1996 அட்லாண்டாவிலிருந்து தொடர்ந்து நடக்குது. ஆரம்பத்துல சொந்தக் குதிரைகூட இல்லாம, போற ஊர்ல கொடுக்கிற குதிரையிலதான் ஏறினாங்க. இப்போ உடல் நிலையைப் பொறுத்து அஞ்சு பிரிவு. முதல் பிரிவுல குதிரை நடந்தா போதும், அஞ்சாவதுல பாய்ச்சல் வரைக்கும் உண்டு. நம்ம அத்தான் மாதிரி ஆளுங்களுக்குக் கால் அழுத்தத்துக்குப் பதிலா சாட்டை வெச்சுக்க அனுமதி உண்டு. அடிக்க இல்லை! அந்தப் பக்கம் லேசா தொட்டா, 'இதுதான் என் இடது கால்'னு குதிரை புரிஞ்சுக்கும். அப்படிப் பழக்கறாங்க.

பாதம் வளையத்துல நிக்கறதுக்கு? ரப்பர் பேண்டு. சத்தியமா! பாதத்தையும் அங்கவடியையும் மெல்லிசான எலாஸ்டிக்கால இணைச்சுக்கலாம். ஆனா ஒரு கண்டிஷன்... ஆள் விழுந்தா அது உடனே அறுந்து விட்டுடணும். பிரியாம இறுக்கிக் கட்டக் கூடாது. ஹுட்டோட வார் ஏன் தப்புன்னு இப்போ புரியுதா? அது பிடிச்சுக்கும், விடாது. நல்ல டிசைன்னா தேவைப்படுற வரைக்கும் பிடிக்கணும், தேவைப்படும்போது விடணும். மிஷின் டிசைன் பேப்பர்ல 'ஷியர் பின்'னு ரெண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன். பெரிய பாகம் உடையாம இருக்க, சின்ன பாகம் முதல்ல உடையணும்கிற அதே தத்துவம். அர்த்தம் இப்பத்தான் உறைச்சுது.

பெயாட்ரீஸ் டி லாவலெட்டைத் தேடிப் பாருங்க. 2016 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸ் விமான நிலையக் குண்டுவெடிப்பு. அப்போ அவங்களுக்கு வயசு 17. நம்மளைவிடச் சின்னப் பொண்ணு. ரெண்டு காலும் முழங்காலுக்குக் கீழே போச்சு. குதிரை ஏறுறவங்கதான் ஏற்கெனவே. திரும்ப ஏறினாங்க. 2021-ல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக்ஸ்ல அமெரிக்க அணிக்காக டிரெஸ்ஸாஜ் களத்துல இறங்கினாங்க. நம்ம நாட்டுப் பக்கமும் இந்த விளையாட்டு சும்மா இல்லை. 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில அனுஷ் அகர்வாலா, ஹிருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா நாலு பேரும் டிரெஸ்ஸாஜ் அணித் தங்கம் வாங்கினாங்க. குதிரையேற்றத்துல 41 வருஷத்துக்கு அப்புறம் தங்கம்.

இதெல்லாம் அத்தான்கிட்ட சொன்னேன். பதக்கக் கதையெல்லாம் கேட்டுட்டு அவர் பிடிச்சுக்கிட்டது வேற ஒண்ணை. ஹிப்போதெரபி. (ஹிப்போன்னா நீர்யானை இல்லீங்க, கிரேக்கத்துல குதிரை!) குதிரை நடக்கும்போது அதோட முதுகு மேல உட்கார்ந்திருக்கிறவரோட இடுப்பு முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், லேசா திரும்பியும் அசையும். மனுஷன் சரியா நடக்கும்போது இடுப்பு எப்படி அசையுமோ கிட்டத்தட்ட அதே மாதிரி. அதனாலதான் உடம்பு முடியாதவங்களுக்கு அதை ஒரு சிகிச்சையாவே கொடுக்கிறாங்க.

"அப்போ தாங்காம நடக்குற மாதிரி இருக்குமா?"

எனக்குப் பதில் தெரியலை. "ஏறிப் பார்த்தாத்தான் அத்தான் தெரியும்"னேன்.

மெரினா, சாயங்காலம் அஞ்சு மணி

எங்க பக்கத்துல குதிரைன்னா சுவாமி புறப்பாட்டு வாகனமும் அய்யனார் கோயில் மண் குதிரையும்தான். பயிற்சிப் பள்ளிக்கெல்லாம் கட்டுற பீஸைக் கேட்டா செமஸ்டர் பீஸே தேவலைன்னு ஆயிடும். அத்தானுக்குப் புது சாக்கெட் அளவு எடுக்க சென்னை போக வேண்டியிருந்தது. சரி, மெரினான்னு முடிவு பண்ணினோம். அத்தைகிட்ட சொன்னதும் ஒரே போடு: "இருக்கிற காலையும் உடைச்சுக்கிறதுக்கா?" நியாயமான கேள்விதான். அதனால கிளம்புறதுக்கு முன்னாடி, அளவு எடுத்த டெக்னீஷியன்கிட்டயே கேட்டோம். 'பாய்ச்சல் கூடாது, நடை மட்டும், ஆள் கூடவே பிடிச்சுட்டு வரணும்'னு சொன்னார். நீங்களோ உங்க பிரெண்டோ முயற்சி பண்றதா இருந்தா, இதைத் தாண்டாதீங்க ப்ளீஸ்.

குதிரைக்கார அண்ணன் ஒருத்தர்கிட்ட தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். 'பாவம்'னு ஒரு வார்த்தை வரும்னு எதிர்பார்த்தேன். அத்தான் ரெண்டு வருஷமா அதைக் கேட்டுக் கேட்டு நொந்தவர். அண்ணன் கேட்டது ஒரே கேள்வி.

"எந்தக் கால் தம்பி?"

"இடது."

"அப்போ இந்தப் பக்கமா ஏற வேணாம்." குதிரையில எப்பவும் இடது பக்கமாத்தான் ஏறுவாங்க. இடது காலை அங்கவடியில ஊன்றி எழும்பணும். அத்தானுக்கு அது ஆகாது. வலது பக்கமா ஏறலாம், ஆனா குதிரைக்குப் பழக்கம் இருக்காதே? அண்ணன் குதிரையை ஒரு சிமென்ட் திண்ணை ஓரமா கொண்டுபோய் நிறுத்தி, கழுத்தைத் தடவி என்னவோ பேசினார். அத்தான் திண்ணை மேல ஏறி, நல்ல காலை ஊன்றி, பொய்க்காலைச் சுழற்றி அந்தப் பக்கம் போட்டார். பாதம் குதிரையோட பின்பக்கத்துல 'டொக்'குனு இடிச்சுது. எனக்கு உயிரே போச்சு. குதிரை காதை மட்டும் திருப்பிச்சு, அவ்வளவுதான்!

ரப்பர் பேண்டு, எலாஸ்டிக் எல்லாம் பையில எடுத்துட்டுப் போயிருந்தேன். பெரிய இன்ஜினீயர்! ஆனா முக்கியமான ஒண்ணைக் கோட்டை விட்டுட்டேன். அத்தான் காலில் பட்டையான ரப்பர் செருப்பு. குதிகால் கட்டை கிடையாது. எலாஸ்டிக் மாட்டலாம்னு நான் பையைத் துழாவுறதுக்குள்ள குதிரை நாலு எட்டு வெச்சிருச்சு. பாதம் வழுக்கி, வளையம் கணுக்கால் வரைக்கும் ஏறிடுச்சு. அத்தானுக்குத் தெரியவே இல்லை. கடலைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருக்கார்! நானும் பார்க்கலை. பார்த்தது அண்ணன். குதிரையை நிறுத்தி, ஒரு கையால சேணத்தைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால பாதத்தை வெளியே எடுத்து, அங்கவடியை மேலே தூக்கிப் போட்டுட்டார்.

"இது வேணாம். மாட்டிக்கும். ரெண்டு காலையும் தொங்கவிடு தம்பி. தொடையால பிடி. கால் கழண்டா நான் எடுத்துக் குடுக்கறேன்."

பக்கம் பக்கமா நான் படிச்சதை நாலே வாக்கியத்துல முடிச்சுட்டார் மனுஷன்.

அப்புறம் நடந்தாங்க. அண்ணன் கயிற்றைப் பிடிச்சு முன்னால, அத்தான் மேலே, நான் பக்கத்துல, எந்த நேரமும் கால் கழன்று விழும்னு ரெண்டு கையையும் ஏந்திக்கிட்டு. முதல் கொஞ்ச தூரம் அத்தான் விறைப்பா உட்கார்ந்திருந்தார். தோள் ரெண்டும் காதுக்கிட்ட இருந்துச்சு. அப்புறம் மெல்ல இறங்கிச்சு. இடுப்பு அசைய ஆரம்பிச்சுது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ரெண்டு பக்கமும் ஒரே அளவு. ரெண்டு வருஷமா எங்க தெருவுல வர்றது அத்தான்தான்னு சத்தத்தை வெச்சே சொல்லிடுவேன், ஒரு அடி பலமா, ஒரு அடி மெல்லிசா. அந்தத் தாளம் அவர் உடம்புல இல்லை.

"டேய்..."

"என்ன அத்தான், வலிக்குதா?"

"என் இடுப்பு நடக்குதுடா."

நான் ஒண்ணும் பேசலை. மணல்ல குனிஞ்சு எதையோ தேடுற மாதிரி கொஞ்ச தூரம் நடந்தேன்.

திரும்பி வரும்போது உறை கொஞ்சம் இறங்கிடுச்சு. திண்ணையில இறங்கி உட்கார்ந்து, காலைச் சரிபண்ணிக்கிட்டார். முழங்கால் உள்பக்கம் சிவந்திருந்துச்சு. புது சாக்கெட்டுக்கு மேல் விளிம்பை அங்கே கொஞ்சம் தழைச்சுத் தரச் சொல்லணும்னு அவரே என் நோட்டுல எழுதச் சொன்னார். கூடவே, 'குதிகால் வெச்ச ஷூ'. அதுக்குக் கீழே ரெண்டு கோடு.

காசு கொடுக்கும்போது அத்தானோட பழைய வாய் திரும்பிடுச்சு.

"அண்ணே, எனக்கு ஒரு கால்தானே... பாதிக் காசு வாங்கிக்கக் கூடாதா?"

அண்ணன் குதிரையோட கழுத்தைத் தட்டிக்கிட்டே சொன்னார்: "இதுக்கு நாலு காலும் நடந்துச்சே தம்பி!"

முழுக் காசும் கொடுத்தோம். இன்னொரு ரவுண்டுக்கும் சேர்த்து.